சம்பளத்துக்கு மேல் நீங்கள் கொடுப்பது அவர்களுக்குத் தெரியுமா?

உங்களிடம் இருபது, இருபத்தைந்து பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பனியன் யூனிட்டாக இருக்கலாம், ஜவுளிக் கடையாக இருக்கலாம், சிறிய கணினி அலுவலகமாகவும் இருக்கலாம். பி.எஃப். கட்டுகிறீர்கள், இ.எஸ்.ஐ. கட்டுகிறீர்கள், தீபாவளிக்குப் போனஸும் உண்டு. ஆனாலும் பக்கத்துத் தெருவில் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நல்ல ஆள் ஒருவர் கிளம்பிவிடுகிறார். அவ்வளவும் கட்டிய பணம் எங்கே போனது என்று உங்களுக்கு ஆத்திரம் வருகிறது.

பணம் எங்கும் போகவில்லை. அது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். புதிதாக என்ன சலுகை கொடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், ஏற்கெனவே கொடுப்பது ஆளின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

சட்டப்படி எதையெல்லாம் கொடுத்தே ஆக வேண்டும்? ஆள் எண்ணிக்கையை வைத்துத்தான் இது முடிவாகிறது. பத்து பேர் ஆனதும் இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணிக்கொடையும் (விலகும்போது, வேலை பார்த்த ஆண்டுகளுக்காகத் தரும் தொகை) வந்துவிடும். இருபது பேர் ஆனதும் பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) சட்டப்படியான போனஸும் சேர்ந்துகொள்ளும். காண்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஒரே தொழிலை இரண்டு பெயரில் பிரித்து, இங்கே பன்னிரண்டு, அங்கே பதினொன்று என்று காட்டினால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கிளையும் பிரிவும் ஒரே நிறுவனம்தான் என்பதே பி.எஃப். சட்டத்தின் நிலை. யோசனை சொன்னவர் நோட்டீஸ் வரும் நாளில் உங்களோடு இருக்க மாட்டார்.

இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகும்? மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வேறு படி எதுவும் இல்லை, முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் என்று வைத்துக்கொள்வோம்.

பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். இதில் 1,250 ரூபாய் அவருடைய ஓய்வூதியக் கணக்குக்கும் 550 ரூபாய் வைப்பு நிதிக்கும் போகும். பி.எஃப்.போடு ஒட்டிய ஆயுள் காப்பீட்டுக்கு 75 ரூபாய், நிர்வாகச் செலவுக்கு இன்னொரு 75. இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். பணிக்கொடை, ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்து வகுப்பார்கள். மாதக் கணக்கில் 721 ரூபாய் ஒதுக்க வேண்டும். போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். அதை 7,000 ரூபாய் அல்லது அந்தத் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிட வேண்டும். குறைந்தபட்சக் கூலி 12,000 என்று வைத்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய் வரும்.

கூட்டிப் பாருங்கள். 15,000 ரூபாய் ஆளுக்கு உங்கள் செலவு சுமார் 19,150. அவர் பங்குக்கு பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 பிடித்தது போக அவர் கைக்கு வருவது 13,087. இரண்டுக்கும் நடுவே ஆறாயிரம் ரூபாய் இருக்கிறது. நிர்வாகச் செலவாகப் போகும் சொற்பத் தொகையைத் தவிர எல்லாம் அவருக்காகப் போடும் பணம்தான். ஆனால் மாதாமாதம் அவர் கண்ணில் படுவது பிடித்தம் மட்டும். பிறகு 500 ரூபாய்க்குப் போகாமல் என்ன செய்வார்?

அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மீதியைப் பலவகைப் படியாகக் காட்டினால் பி.எஃப். செலவு குறையாதா? ஒரு காலத்தில் பல நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கும் படியும் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அந்த வழியை மேலும் அடைத்துவிட்டன. விலக்கு பெறும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கருதப்படும். பணிக்கொடையும் இதே சம்பளத்தின் மேல்தான் என்பதால், பழைய சம்பளப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, அந்த ஆறாயிரத்தை அவர் கண்ணுக்கு எப்படிக் கொண்டுவருவது? சம்பளச் சீட்டைத் தமிழில் கொடுங்கள். வழக்கமான சீட்டில் வரவு ஒரு பக்கம், பிடித்தம் ஒரு பக்கம் இருக்கும். மூன்றாவதாக 'உங்களுக்காக நிறுவனம் கட்டியது' என்று ஒரு பத்தி சேருங்கள். பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 488, பணிக்கொடைக்கு 721 என்று ரூபாயாகவே போடுங்கள். சதவீதம் யாருக்கும் மனதில் நிற்காது. வட மாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு சீட்டு. செலவு, அச்சடிக்கும் காகிதம் மட்டும்.

சீட்டு கொடுத்தால் போதுமா? போதாது. பணம் அவர் பேரில் இருப்பது ஒன்று, வேண்டும்போது அவரால் எடுக்க முடிவது வேறு. தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய தடை, நம்ம ஊர் இனிஷியல்தான்.

ஆதாரில் 'செல்வி மு.' என்று இருக்கும். பான் அட்டையில் 'முருகன் செல்வி'. வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதல் எழுத்தோடு 'செ. செல்வி'. வேலைக்குச் சேர்ந்த அன்று உங்கள் கணக்கர் அவசரத்தில் வெறும் 'செல்வி' என்று ஏற்றியிருப்பார். நான்கும் ஒரே பெண்தான். ஆனால் பி.எஃப். இணையதளத்துக்கு அது தெரியாது. யு.ஏ.என். (ஆளுக்கு ஒன்றாக, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் உள்ள பெயரும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால், மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டு அவர் போடும் விண்ணப்பம் திரும்பி வரும். பிறந்த தேதி மாறியிருந்தாலும் இதே கதி.

இதைச் சரிசெய்வது யார் வேலை? படிவத்தைப் போட வேண்டியவர் தொழிலாளி. ஆனால் அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பிரவுசிங் சென்டருக்கு அலைவதைவிட, உங்கள் ஆபீஸில் ஒருவர் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து இருபது பேருக்கும் பார்த்துவிடலாம். ஆதாரில் இருப்பது போலவே பெயர், பிறந்த தேதி, ஆதாரோடு இணைந்த கைபேசி எண், வங்கிக் கணக்கு. முன்பு வேலை பார்த்த இடத்தில் வேறு யு.ஏ.என். இருந்தால் அந்தப் பணத்தை இப்போதைய கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். பலருக்குப் பழைய கணக்கு ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது.

அதே மதியத்தில் வாரிசு நியமனத்தையும் முடித்துவிடுங்கள். உறுப்பினர் இறந்தால் பி.எஃப்.போடு ஒட்டிய ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். தனியாக பிரீமியம் எதுவும் தொழிலாளி கட்டுவதில்லை. உங்கள் 75 ரூபாய் போகிறதே, அதற்கான பாதுகாப்பு இது. ஒரு நுணுக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதிக் கொடுத்திருந்தால், கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். யூனிட்டில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், மொய் எழுதுவதோடு இதையும் நினைவுபடுத்தும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

இ.எஸ்.ஐ.யை யாரும் மதிப்பதில்லையே? மதிப்பதில்லை என்பது உண்மைதான். மருந்தகத்தில் கூட்டம், மாத்திரைக்குக் காத்திருப்பு என்று குறை சொல்வார்கள். குறையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை மட்டும் என்று நினைப்பதால் வரும் நஷ்டம் பெரியது. உடம்பு சரியில்லாமல் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. கொடுக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டு வர முடியாமல் போனால் 90 சதவீதம். மருத்துவம் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. ஆனால் நோய்க்காலப் பணம் அப்படியல்ல. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். 'சேர்ந்து இரண்டு மாதத்தில் டைபாய்டு வந்தது, காசு தரவில்லை' என்று கோபப்படுபவருக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

சம்பளத்தை உயர்த்தினால் ஒருவருக்கு நஷ்டம் வருமா? வரும். இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000). 20,800 வாங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு மனமுவந்து 400 ரூபாய் கூட்டுகிறீர்கள். நடப்புப் பங்களிப்புக் காலம் ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச் என்று ஓடும். அது முடியும்வரை அவர் இ.எஸ்.ஐ.யில் இருப்பார். அடுத்த காலம் பிறந்ததும் பங்களிப்பு நின்றுவிடும், ஏற்கெனவே கட்டியதற்கான பலன் காலம் முடிந்ததும் வெளியே. மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர் என்று அத்தனை பேரும் அவரோடு வெளியே. 400 ரூபாய் கூடியதில் ஒரு குடும்பத்தின் மருத்துவம் போய்விடுகிறது. பெண் ஊழியராக இருந்தால் அதுவரை இ.எஸ்.ஐ. கொடுக்கவிருந்த பேறுகாலச் சம்பளத்தை இனி நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

எனவே யாராவது 21,000-ஐ நெருங்கும்போது இரண்டில் ஒன்று செய்யுங்கள். தாண்டுவதானால் நன்றாகத் தாண்டும்படி உயர்வு கொடுங்கள். அல்லது அவர் வெளியே வரும் மாதத்திலேயே குழு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். குழுக் காப்பீடு என்பது நிறுவனத்தின் பெயரில் எல்லோருக்கும் சேர்த்து எடுக்கும் பாலிசி. இடைவெளி ஒரு மாதம் விழுந்தால், நெஞ்சுவலி அந்த மாதம் பார்த்து வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

குழுக் காப்பீடு வாங்கும்போது எதைப் பார்ப்பது? முகவர் முதலில் பிரீமியத்தைத்தான் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் உண்டா? பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டா? அறை வாடகைக்கு வரம்பு எவ்வளவு? இந்த வரம்பு பார்க்கச் சிறியதாகத் தெரியும். அதைவிட உயர்ந்த அறையில் படுத்தால், பல பாலிசிகளில் மருத்துவர் கட்டணம் உள்பட மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். உங்கள் ஊரில் ஆட்கள் உண்மையில் போகிற மருத்துவமனை, ரொக்கமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெற்றோரையும் சேர்க்கலாமா? ஆட்கள் மனதாரக் கேட்பது இதைத்தான். பிரீமியத்தை எக்கச்சக்கமாக ஏற்றுவதும் இதுதான். இந்த ஆண்டு கோரிக்கைகள் அதிகமானால் அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். அப்போது நிறுத்த நேர்ந்தால், கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்னும் அளவுக்கு மனக்கசப்பு வரும். பெற்றோருக்கான பிரீமியத்தில் ஒரு பகுதியை ஊழியர் கட்டுவது என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்வது என் பார்வையில் நல்லது. வேலையை விட்டால் இந்தக் காப்பீடும் நின்றுவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். இதை நம்பித் தனிப் பாலிசி எடுக்காமல் இருப்பவர்கள் நிறையப் பேர்.

தீபாவளிப் போனஸ் நம் ஊர் வழக்கமாயிற்றே, சட்டப்படியான போனஸ் தனியா? கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் போனஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. மார்ச்சில் ஆண்டு முடிந்தால் நவம்பர் கடைசிவரை நேரம் உண்டு. தீபாவளி எப்படியும் அதற்குள் வந்துவிடும். அதனால் இரண்டையும் ஒன்றாகவே முடிக்கலாம். வழக்கப்படி கொடுப்பதைச் சட்டப்படியான போனஸில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் கவரில் போட்டு வாழ்த்தோடு கொடுத்துவிட்டு, பதிவேட்டில் எதுவும் எழுதாமல் விட்டால் பிறகு அது போனஸ் என்று நிரூபிப்பது கஷ்டம். எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எவர்சில்வர் டப்பாவும் ஸ்வீட் பாக்ஸும் அன்பளிப்பு. அவற்றைப் போனஸ் கணக்கில் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

இதுவரை சொன்னது சலுகைகள். ஊக்கத்தொகை, பரிசு இவையெல்லாம்? இங்கே நல்ல எண்ணமே குழியில் தள்ளுவதுண்டு. நம் ஊர் யூனிட்டுகளில் மிகவும் பழக்கமானது வருகைப் போனஸ். மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் 1,000 ரூபாய், ஒரு நாள் தவறினால் ஒன்றும் கிடையாது.

இதில் என்ன தப்பு? எட்டாம் தேதி குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு நாள் லீவு. ஆயிரம் போயிற்று. மீதி நாட்களிலும் தவறாமல் வர அந்தத் திட்டம் அவருக்கு எந்தக் காரணமும் தரவில்லை. 'போனது போச்சு' என்று இன்னும் இரண்டு நாள் சேர்த்துப் போடுவார். இன்னொருவர் காய்ச்சலோடு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்து, அன்றைய துணியைக் கெடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போவார்.

அமெரிக்காவில் தொழிற்சாலைச் சலவை நிறுவனம் ஒன்றின் ஆலையில், நேரம் தவறாமல் வருபவர்களுக்குக் குலுக்கலில் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த கட்டுரை 2016-இல் வெளியானது. பரிசுக்குத் தகுதி இருக்கும்வரை நேரத்துக்கு வந்தவர்கள், தகுதி போனதும் பழையபடி ஆகிவிட்டார்கள். பரிசு இல்லாத காலத்திலேயே ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஆட்களின் உற்சாகம் குறைந்ததுதான் பெரிய சேதம். ஆலையின் உற்பத்தித்திறன் 1.4 சதவீதம் சரிந்தது. பரிசுக்கும் செலவழித்து, உற்பத்தியையும் இழந்தார்கள்.

அப்படியானால் வருகைப் போனஸை எடுத்துவிடலாமா? எடுக்க வேண்டாம், உடைத்துக் கொடுங்கள். முழுதாக வந்த ஒவ்வொரு வாரத்துக்கும் 200 ரூபாய், நான்கு வாரமும் வந்தால் மேலே 200. உங்கள் செலவு அதே ஆயிரம்தான். ஒரு வாரம் போனாலும் அடுத்த திங்கள்கிழமை புதிதாகத் தொடங்கும். முந்தின நாளே சொல்லிவிட்டுப் போட்ட லீவுக்குப் பாதித் தொகை என்று வைத்தால் இன்னும் நல்லது. உங்களுக்குத் தொந்தரவு லீவு போடுவதல்ல, காலையில் மிஷின் காலியாக இருக்கும்போதுதான் தெரியவருவது.

காசு அதிகம் செலவாகாத சலுகை ஏதாவது உண்டா? கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வட்டியில்லா அட்வான்ஸ். குலதெய்வக் கோயில் கொடைக்கு லீவு. ஒடிசா, பீகார் ஆட்களுக்கு ஊர் போய்வர ஒரேயடியாகப் பதினைந்து நாள். அட்வான்ஸ் கொடுத்தால் எத்தனை மாதத்தில், மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஜவுளிக் கடையாக இருந்தால் விற்பனைப் பெண்களுக்கு முதலில் உட்கார இருக்கை போடுங்கள். 2021-இல் திருத்திய தமிழ்நாடு கடைகள் சட்டப்படி அது அவர்கள் உரிமை. அது இல்லாமல் 'சிறந்த ஊழியர்' விருது கொடுத்தால் பின்னால் சிரிப்பார்கள்.

கொடுக்கத் தொடங்கிய ஒன்றைப் பிறகு நிறுத்தலாமா? கடைசியாக வரும் சந்தேகம் இது, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதும் இதுதான். தொழிலாளர்களுக்கு வழக்கமாகக் கிடைத்துவரும் சலுகையை அவர்களுக்குப் பாதகமாக மாற்றுவதென்றால், பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அறிவிப்பு கொடுத்தால் மட்டும் பிரச்சினை தீராது, தகராறாகவும் போகலாம். ஆகவே புதிய ஊக்கத்தொகை எதையும் அறிவிக்கும்போதே முடியும் தேதியைப் போட்டு விடுங்கள். 'இந்தத் திட்டம் அடுத்த மார்ச் 31 வரை. அதன்பின் பார்த்துத் தொடரலாமா என்று முடிவு செய்வோம்' என்று பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மார்ச்சில் வருகைப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிஷினில் உட்காருபவர்களில் இரண்டு பேரையும் அன்று கூடவே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.